துபாய் வாடகைக்கும் இங்கே வரி உண்டு

"துபாயில் வரி கிடையாது, அதனால் அங்குள்ள ஃபிளாட் வாடகையை இந்தியாவில் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டாம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. நம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள். திரும்பிய புதிதில் 'சாதாரணமாக வசிக்காதவர்' (பல வருடம் வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கு வருமான வரிச் சட்டம் கொஞ்ச காலத்துக்குத் தரும் நிலை, RNOR) என்ற நிலை இருக்கும்வரைதான், அங்கேயே வாங்கும் வாடகைக்கு விலக்கு. அப்புறம் எந்த நாட்டு வருமானமானாலும் கணக்கில் வரும்.

ஆனால் முழு வாடகைக்கும் வரி இல்லை. அங்கே நீங்கள் கட்டிய உள்ளாட்சி வரி போக, மீதியில் 30 சதவீதம் கழிவு; வீட்டுக்கடன் வட்டியும் கழியும். பெயிண்ட், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் அந்த 30க்குள் அடக்கம், தனியாகக் கேட்க முடியாது. முக்கியமாக, வீட்டையே வருமான வரிப் படிவத்தில் உள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.