வயிறடிபட விழுந்தவன் சொல்கிறேன்

நேற்று நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய வீடியோ போட்டேன். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக், பெண்கள் ஏரியல்ஸ் இறுதிப் போட்டி. சீனாவின் சூ மெங்தாவ் காலில் பனிச்சறுக்குக் கட்டையோடு சரிவில் இறங்கி, மேட்டில் எகிறி, அந்தரத்திலேயே மூன்று குட்டிக்கரணம், ஒவ்வொன்றிலும் உடம்பை ஒரு முழுச் சுற்று முறுக்கி, பனியில் காலூன்றி நிற்கிறார். பத்து நிமிஷத்தில் பதில்கள். "பணக்கார நாட்டு சர்க்கஸுண்ணே." இன்னொரு தம்பி, "நமக்குத் தெரிஞ்ச ஐஸ் மீன் பெட்டியில போடுறதுதாண்ணே". இதற்கு நானும் சிரித்துவிட்டேன்.

பணம் பற்றி வாதாட மாட்டேன், அது காசு தின்னும் விளையாட்டுதான். ஆனால் பனி இருந்தால்தான் அந்த விளையாட்டு வரும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பெய்ஜிங்கில் கொட்டிக் கிடந்த பனியே கிட்டத்தட்ட முழுக்க தண்ணீரைப் பீய்ச்சி உறைய வைத்து மெஷினில் செய்தது. அதைவிட முக்கியம், இவர்கள் ஒரு தாவலைப் பனியில் போடுவதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான தடவை தண்ணீரில்தான் குதிக்கிறார்கள். கோடைகாலம் முழுக்க அதுதான் வேலை. பிளாஸ்டிக் விரித்த சரிவை நனைத்து வைத்திருப்பார்கள், கட்டை, பூட்ஸ், ஹெல்மெட், மிதவைச் சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு அதில் வழுக்கி வந்து குளத்துக்கு மேலே கரணம் போட்டு விழ வேண்டும். குளத்தின் அடியிலிருந்து காற்றை விட்டுக் குமிழ் குமிழாகப் பொங்க வைப்பார்கள். தண்ணீர் இளகி இருந்தால் அடி கம்மி.

அந்தக் குமிழின் அருமை எனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போது ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், கட்டிக் கிடந்த விசைப்படகின் அணியத்தில், அதாவது முன்முனையில் ஏறி, பக்கத்துப் படகுப் பயல் கரணம் போடுகிறானே என்று நானும் போட்டேன். முக்கால் கரணத்தில் நின்றுபோய் வயிறு அடிக்க விழுந்தேன். கடல் தண்ணீர் என்றா நினைக்கிறீர்கள், சிமெண்டுத் தரை. நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் சிவந்து, அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க இரண்டு நாள் சட்டையைக் கழற்றவில்லை. அந்தப் பயலோ அன்றைக்கு முப்பது தடவையாவது குதித்திருப்பான், ஒரு தடவைகூட வயிற்றில் விழவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது அவன் படகில் இன்ஜின் பார்க்கிறான்.

சரி, ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் பனி கொஞ்சம் மலையில் கொஞ்ச மாதம்தான். ஆனால் ஏரியல்ஸில் 2002ல் அலிசா காம்ப்ளினும் 2010ல் லிடியா லசிலாவும் தங்கம் வாங்கினார்கள். காம்ப்ளின் முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ், அப்புறம் பாய்மரப் படகு ஓட்டியவர். கட்டை மாட்டியதே 19 வயதில்தான். இப்போது பனியே விழாத பிரிஸ்பேன் நகரத்தில் குளமும் சரிவுமாக ஒரு பயிற்சி மையம் கட்டி வைத்திருக்கிறார்கள். வெக்கையான கடலோர ஊர், நம்ம ஊர் மாதிரி.

"கரணம்தான் மார்க்கு" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அதுவும் இல்லை. ஐந்து நடுவர்கள், ஆளுக்குப் பத்து மார்க்: எகிறியதற்கு 2, உடம்பு நேராக இருப்பதற்கு 5, இறங்குவதற்கு 3. அதிகமும் குறைச்சலும் போக மீதி மூன்றைக் கூட்டி, தாவலின் கடினத்தால் பெருக்குவார்கள். சூ மெங்தாவ் 108.61. பெலாரஸின் ஹன்னா ஹுஸ்கோவா 107.95. பெருக்கலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் நடுவர்கள் கொடுத்தது சூவுக்கு 30க்கு 25.3, ஹுஸ்கோவாவுக்கு 26.8. அதாவது சுத்தமாகக் குதித்தவர் ஹுஸ்கோவா, ஆனால் கொஞ்சம் எளிய தாவல், ஒரு மார்க்குகூட வித்தியாசமில்லாமல் தங்கம் போனது. எனக்கு ஹுஸ்கோவா ஜெயித்திருக்கலாம் என்றுதான் தோன்றும். மருமகன் விடமாட்டான். "கஷ்டமானதைப் போட்டவங்களுக்குத்தான மாமா கூடக் கொடுக்கணும்." அது சூவுக்கு நாலாவது ஒலிம்பிக், வயது 31, அதற்கு முன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதில்லை என்று தெரிந்த பிறகு நானும் ரொம்ப மல்லுக்கட்டவில்லை.

நான் சொல்ல வருவது ராமேஸ்வரத்தில் பனிமலை கட்டுங்கள் என்பதல்ல. பாம்பனிலும் மண்டபத்திலும் தடைக்காலம் வந்தால் படகுக்கு நாலு பயல் குதிக்கிறான். பெரியவர்கள் விரட்டுகிறார்கள், விரட்டுவதும் நியாயம்தான், அடியில் பாறைத் திட்டு இருக்கும், நங்கூரக் கம்பி இருக்கும், சில இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். விரட்டினால் எங்கே போவான்? ஆழம் பார்த்துக் கட்டிய ஒரு குளம், மூன்று மீட்டரில் ஒரு குதிபலகை, கரணம் முக்கால்வாசியில் நிற்காமல் எப்படி முடிப்பது என்று சொல்லித்தர ஒரு ஆள். கேட்பது இவ்வளவுதான். அதிலிருந்து டைவிங் போவானோ, ஜிம்னாஸ்டிக்ஸ் போவானோ, வேறு எங்கே போவானோ, அது அவன் பாடு.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மருமகன் வந்து, "மாமா, நம்ம படகுத்துறையில காத்து விட்டா குமிழ் வருமா?" என்கிறான். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் யாரிடம் இருக்கிறது என்றும் விசாரித்துவிட்டானாம். அவன் அம்மா இந்தப் பதிவைப் படிக்காமல் இருக்க வேண்டும்.