நூறு என்றால் எதில் நூறு?

வெள்ளிக்கிழமை மதிய உணவு வேளை நெருங்கினாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் தொடங்கிவிடுகிறது. காரணம் சாப்பாடு அல்ல, எதிரில் வந்து அமரும் சக ஊழியர். டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே கைப்பேசியைத் திறந்து, தாமே தயாரித்த ஓர் அட்டவணையை அவர் நீட்டிவிடுவார். இடப்பக்கத்தில் ஸ்டார் வார்ஸின் எக்ஸ்-விங்கும் டை ஃபைட்டரும், பேட்டில்ஸ்டார் கேலக்டிகா தொடரின் வைப்பர், பாபிலோன் 5 தொடரின் ஸ்டார்ஃப்யூரி என்று விண்போர்க்கலங்களின் பெயர்கள் இருக்கும். வலப்பக்கத்தில் வேகம், ஆயுதம், கவசம் என்று கட்டங்கள் இருக்கும். கடைசியில் ஒரு கூட்டுத்தொகை இருக்கும். கூட்டுத்தொகை அதிகமுள்ள கலம் மற்றவற்றை ஊதித் தள்ளிவிடும் என்பது அவருடைய தீர்ப்பு. ஆறு மாதங்களாக இந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டே தயிர்ச்சாதம் சாப்பிட்டவன் என்ற முறையில், இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் இயலாது.

கற்பனைக் கலங்களை ஒப்பிடவே கூடாது என்று சொல்பவன் நான் அல்லன். பள்ளி நாள்களில் நானும் இதற்காகச் சண்டை போட்டவன்தான். அளவு எது, அலகு எது என்று ஒரு கணம்கூடக் கேட்காமல் எண்களை மட்டும் பிடுங்கிவந்து கூட்டுகிற அந்தத் துணிச்சலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-விங்குக்கு எதிரே அவர் 100 என்று எழுதியிருக்கிறார். எதில் நூறு என்று கேட்டேன். எம்ஜிஎல்டி என்றார். அது எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நூறு என்றால் நூறுதான் என்றார். இந்த எம்ஜிஎல்டி என்பது 1993-இல் வெளிவந்த எக்ஸ்-விங் கணினி விளையாட்டின் வழியாகப் பரவிய அலகு. அந்த விளையாட்டில் ஒய்-விங் 80, எக்ஸ்-விங் 100, ஏ-விங் 120 என்று இருக்கும். ஆடுபவருக்கு ஒன்று மந்தமாகவும் மற்றொன்று சுறுசுறுப்பாகவும் தோன்ற வேண்டும் என்பதற்காக வைத்த எண்களே அவை. கிலோமீட்டராகவோ வேறு எதுவாகவோ அவற்றை மாற்றுவதற்கு வழி கிடையாது. அந்த நூறைக் கொண்டுவந்து, அந்த விளையாட்டில் கால் வைக்கவே வைக்காத ஸ்டார்ஃப்யூரியின் பக்கத்தில் நிறுத்துவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலையன்றி வேறென்ன?

சரி, எம்ஜிஎல்டி வேண்டாம், இதோ உண்மையான அலகு என்று அடுத்த வாரம் வேறு இரண்டு எண்களோடு வந்தார். வளிமண்டலத்தில் எக்ஸ்-விங்கின் உச்ச வேகம் மணிக்கு 1,050 கிலோமீட்டர்; விண்வெளியில் அதன் முடுக்கம் 3,700 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 3,700 மடங்கு. இரண்டுமே ரசிகர்கள் காலங்காலமாகப் புரட்டிவரும் கையேடுகளில் உள்ளவைதாம், அவர் இட்டுக்கட்டியவை அல்ல. ஆனால் இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிய கை ஒரு முறையாவது பெருக்கிப் பார்த்திருக்க வேண்டாமா? 3,700 ஜி என்றால் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 36 கிலோமீட்டர் வீதம் வேகம் கூடிக்கொண்டே போகும். அந்த முடுக்கத்தில் புறப்படும் கலம் இரண்டரை நிமிடத்துக்குள் நிலவைத் தாண்டிவிடும்; மணிக்கு 1,050 கிலோமீட்டர் என்ற வேகத்தையோ ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு கழிவதற்குள் எட்டிவிடும். அப்படிப்பட்ட எந்திரம் காற்றுக்குள் நுழைந்ததும் ஒலியின் வேகத்தைக்கூடத் தொடாமல், பழைய மிக்-21 விமானத்துக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருமா? ஓர் எண் மேசையில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்காக எழுதப்பட்டது, மற்றது படங்களை விளக்க வந்த நூல்களின் கணக்கு. எழுதியவர்களும் வேறு, எழுதிய நோக்கமும் வேறு. இதைச் சொன்னால், அதிகாரபூர்வமான எண் சார் என்று பதில் வருகிறது. அச்சில் ஏறிவிட்டால் சுரைக்காய் கறிக்கு உதவிவிடுமா?

ஆயுதக் கட்டத்தில் நடந்திருப்பது இதைவிடப் பெரிய அநியாயம். ஸ்டார் வார்ஸின் படைகளை ஏற்றிச்செல்லும் ஒரு பெருங்கலத்தின் பீரங்கி, ஒரு முறை சுட்டால் 200 கிகாடன் (ஒரு கிகாடன் என்பது ஆயிரம் மெகாடன்) ஆற்றலை வெளியிடும் என்று 2002-இல் வந்த ஒரு விளக்க நூல் சொல்கிறது. சோவியத் ஒன்றியம் 1961-இல் வெடித்துப் பார்த்த, மனிதர்கள் செய்ததிலேயே மிகப் பெரிய அணுகுண்டின் ஆற்றல் சுமார் 50 மெகாடன். அதைப் போல நாலாயிரம் குண்டுகள் ஒரே சுடலில் என்று பொருள். நம்மவர் இதை விகிதப்படி குறைத்து எக்ஸ்-விங்கின் நான்கு லேசர் பீரங்கிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார். 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் எக்ஸ்-விங் ஓட்டும் நாயகன் லூக், டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்கோட்டையின் மேற்பரப்பைச் சுட்டு, தான் கிளப்பிய தீப்பிழம்புக்குள்ளேயே தன் கலத்தோடு நுழைந்து, சற்றுக் கருகியதோடு வெளியே வருகிறான். அணுகுண்டை வெட்கப்பட வைக்கும் வெடிப்பில் கருகலோடு தப்ப முடியுமா? நம் கண் முன்னே திரையில் நடப்பதை நம்ப வேண்டுமா, கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை நம்ப வேண்டுமா?

அந்தச் சண்டைக் காட்சிகள் உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைப் படச்சுருள்களை வெட்டி ஒட்டி, அதையே மாதிரியாக வைத்துத்தான் ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் குழுவினர் விண்வெளிச் சண்டையை அமைத்தார்கள். எக்ஸ்-விங் காற்றே இல்லாத இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து வளைந்து திரும்புவது அதனால்தான். அது ஓர் அழகு. அந்த அழகை நானும் ரசிக்கிறேன். ஆனால் அந்த வளைவுக்கு 'திரும்பும் திறன்: 9' என்று மதிப்பெண் போட்டால், அந்த ஒன்பது யாருக்குச் சேர வேண்டியது? 1940-களின் விமானிகளுக்கு அல்லவா?

திரும்பும் திறன் என்ற கட்டத்துக்கு உண்மையாகவே ஏதாவது பொருள் இருக்குமானால், அங்கே பேச வேண்டியது ஸ்டார்ஃப்யூரியைப் பற்றி. எக்ஸ் வடிவில் விரிந்த நான்கு கைகளின் நுனியில் அதன் எந்திரங்கள் இருக்கின்றன. அதாவது கலத்தின் நிறை மையத்திலிருந்து எட்டி இருக்கின்றன. நீளமான பிடியுள்ள திருகுசாவி எளிதில் திருப்புவது போல, சிறிய உந்துதலே கலத்தை வேகமாகச் சுழற்றிவிடும். விமானி ஏறக்குறைய நடுவில், நின்ற நிலையில் இருப்பதால் அந்தச் சுழற்சி அவரைக் குறைவாகவே வாட்டும். எதிரி பின்னால் துரத்தினால் ஸ்டார்ஃப்யூரி வளைந்து ஓடுவதில்லை. போகிற திசையிலேயே போய்க்கொண்டு, உடலை மட்டும் பின்புறமாகத் திருப்பித் துரத்துபவனைச் சுடுகிறது. வெற்றிடத்தில் வேகத்துக்கும் மூக்கு பார்க்கும் திசைக்கும் தொடர்பில்லை என்ற நியூட்டனின் பாடத்தை இவ்வளவு எளிதாகக் காட்டிய போர்க்கலம் தொலைக்காட்சியில் அரிது. அட்டவணையில் இதற்கு என்ன மதிப்பெண் தெரியுமா? ஆறு. கவசப் புலம் (தாக்குதலைத் தடுக்கும் ஆற்றல் திரை) இல்லை, ஒளியை மிஞ்சும் எந்திரம் இல்லை என்று கழித்துவிட்டாராம். திரும்புவதற்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டபோது ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைப்பரின் கதை இதைவிட வேதனையானது. அவருடைய பட்டியலில் வைப்பரின் புதிய வகையான மார்க் 7 மேலே, பழைய வகையான மார்க் 2 மிகவும் கீழே இருக்கின்றன. ஏனெனில் மார்க் 7 புதியது, அதன் கணினி வசதிகள் அதிகம். 2003-இல் வந்த குறுந்தொடரைப் பார்த்தவர் இப்படி எழுத முடியுமா? அந்தக் கணினி வசதிகளின் வழியாகத்தான் எதிரிகளான சைலான் எந்திர மனிதர்கள் உள்ளே புகுந்து, மார்க் 7 கலங்களை மின்சாரம் போன வீடு போல அணைத்துவிடுகிறார்கள். அவை ஒரு குண்டுகூடச் சுடாமல் அழிகின்றன. அருங்காட்சியகமாக மாறவிருந்த கப்பலில் காட்சிக்கு நின்றிருந்த மார்க் 2 கலங்கள்தாம், வலையமைப்பில் இணையாத அந்தப் பழைய கலங்கள்தாம், போருக்குப் புறப்பட்டுப் போகின்றன. ஒரு போர்க்கலத்தின் தொழில்நுட்பத் திறனைப் பற்றி அந்தக் கதை சொல்லும் மிக முக்கியமான செய்தியே இதுதான். அதை வைக்க அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

டை ஃபைட்டருக்குக் கவசத்தில் சுழியம் போட்டதைப் பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. ஸ்டார் வார்ஸ் கதையில் வில்லன் தரப்பான பேரரசின் பெரும் போர்க்கப்பல் ஸ்டார் டெஸ்ட்ராயர்; அப்படி ஒரு கப்பலுக்குள் 72 டை கலங்கள் அடங்குகின்றன. கவசப் புலமும் நெடுந்தூரப் பயண எந்திரமும் இல்லாமல் அவற்றைச் செய்தது பேரரசின் கஞ்சத்தனமும் கணக்கும் கலந்த முடிவு. ஒன்றுக்கு ஒன்று என்று நிறுத்தி மோதவிடுவதற்காக அது செய்யப்படவே இல்லை.

இவ்வளவையும் போன வெள்ளிக்கிழமை, சோறு ஆறிப்போகும் வரை, குரலைச் சற்று உயர்த்தியே சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். பிறகு, அடுத்த வாரம் ஜப்பானிய மேக்ரோஸ் தொடரின் விஎஃப்-1 வால்கிரியைச் சேர்க்கப்போவதாகச் சொல்லி, புதிய வரி ஒன்றைக் காட்டினார். வேகம்: 2.71. அது மாக் எண் (ஒலியின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) என்றும், 10,000 மீட்டர் உயரத்துக்கு உரியது என்றும் அந்தத் தொடரின் படைப்பாளிகள் ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்திலேயே அளவோடு அலகையும், அலகோடு நிபந்தனையையும் சொன்ன எண் அது ஒன்றுதான். உயரத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கட்டத்தில் இடம் போதவில்லையாம். எக்ஸ்-விங்கின் 100-க்கு முன்னால் வெறும் 2.71 நிற்பதால், வால்கிரி கடைசி இடத்துக்குப் போய்விட்டது.