ஈ.பி.டி கார்டைத் தேய்த்தால் மட்டும் ஏன் சிவப்பு விளக்கு?

வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கவுண்டர் கட்டி வைத்திருக்கிற கடையில் ஆள் நிற்பது ஒன்றில். மிச்சமெல்லாம் சங்கிலி போட்டுக் கிடக்கிறது. "அந்தப் பக்கம் செல்ஃப் செக்கவுட் காலியா இருக்கே, போங்க" என்று கை காட்டுகிறார்கள். சரி, போகிறோம். பொருளை நாமே ஸ்கேன் பண்ணி, நாமே பையில் அடுக்கி, கடைசியில் ஈ.பி.டி கார்டை, அதாவது அமெரிக்காவில் அரசு தரும் உணவு உதவித்தொகை ஏறும் கார்டை, எடுக்கும்போதுதான் தெரிகிறது, இந்த மெஷினை வாங்கினவர் மனதில் நம்மைப் பற்றிய நினைப்பே இல்லை என்று. தலைக்கு மேல் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. "உதவியாளர் வருகிறார், காத்திருக்கவும்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பு. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கையில் என்ன கார்டு என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், அந்தக் கார்டு வந்ததால் கிடைத்த பெரிய நன்மையே யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். 1939இல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் ஆரஞ்சும் நீலமுமாக உணவு முத்திரைச் சீட்டுகள் கொடுக்க ஆரம்பித்த காலத்திலும், 1964இல் உணவு முத்திரைச் சட்டம் வந்த பிறகு பல பத்தாண்டுகளும் கேஷியர் முன்னால் சீட்டுக் கிழித்துத்தான் அமெரிக்க ஏழை அரிசி பருப்பு வாங்கினான். 2004க்குள் எல்லா மாநிலங்களும் கார்டுக்கு மாறின. 2008இல் இந்த உணவு உதவித் திட்டத்தின் பெயரும் ஸ்நாப் ஆனது. மற்றவர்களின் டெபிட் கார்டு மாதிரியே தேய்த்துவிட்டுப் போகலாம், யாருக்கும் தெரியாது என்றார்கள். இப்போது மெஷினே கூவிச் சொல்கிறது.

முதல் தகராறு பட்டனில். பணம் கட்டும் திரையில் 'கார்டு' என்று பெரிதாக ஒரு கட்டம் இருக்கும். ஈ.பி.டியும் கார்டுதானே என்று அதை அழுத்தினால் போச்சு. மெஷின் அதை டெபிட்டாக எடுத்துக்கொண்டு, நிராகரிக்கப்பட்டது என்று துப்பிவிடும். ஈ.பி.டிக்குத் தனிப் பட்டன் உண்டு. சில மெஷின்களில் 'மற்ற வழிகள்' என்று மூலையில் கிடக்கிற கட்டத்துக்குள் போய்த் தேட வேண்டும். அதற்குள்ளும் இரண்டு: ஈ.பி.டி உணவு, ஈ.பி.டி ரொக்கம். ஸ்நாப் பணம் உணவுக் கணக்கில் மட்டும்தான் இருக்கும். ரொக்கத்தை அழுத்திவிட்டு, இருப்பு இல்லை என்று வந்ததைப் பார்த்துப் பதறி, பின் நம்பர்தான் தப்போ என்று மாற்றி மாற்றி அடித்தால் கார்டு பூட்டிக்கொள்ளும். பல மாநிலங்களில் மூன்று நான்கு தப்புக்கு மேல் தாங்காது. திரை தப்பா விரல் தப்பா என்று தெரியாவிட்டால் இரண்டாவது முறையோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கலப்புக் கூடை. பால் 4.29, ரொட்டி 3.49, வாழைப்பழம் 1.20, பாத்திரம் கழுவும் சோப்பு 3.99 என்று வையுங்கள். உணவு 8.98 டாலர். சோப்புக்கு எட்டு சதவீத வரி சேர்த்து 4.31. திரையில் மொத்தம் 13.29 என்று நிற்கும். ஒழுங்காக எழுதின மென்பொருள் என்றால் ஈ.பி.டி உணவை அழுத்தியதும் 8.98ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, பாக்கி 4.31 என்று கேட்கும். பாதியில் விட்ட மென்பொருளுக்கு இந்தப் பிரிக்கிற வேலையே தெரியாது. கார்டில் 6 டாலர்தான் இருந்தால் அந்த ஆறை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்பதற்குப் பதிலாக மொத்தமாக நிராகரிக்கும். அப்போது எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தொகையை நாமே அடிக்க ஒரு திரை வர வேண்டும். வராவிட்டால், சிவப்பு விளக்குதான்.

அந்த 4.31ஐ எதில் கட்டுவது? உதவித்தொகையில் வாழ்கிறவரிடம் சில்லறை இருக்கும். பாதி மெஷின்கள் 'கார்டு மட்டும்'. அது தெரிவதற்குள் ஈ.பி.டியிலிருந்து 8.98 போயிருக்கும். இனி சோப்பை எடுத்துவிடலாம் என்றாலும் பாதிப் பணம் கட்டின பில்லை அந்த மெஷினில் நாமே திருத்த முடியாது. உதவியாளர் வந்து மொத்தத்தையும் ரத்து செய்ய வேண்டும். ரத்தான தொகை கார்டுக்குத் திரும்ப வந்ததா என்று வேறு பார்க்க வேண்டும். ஆகவே முதல் பொருளை ஸ்கேன் பண்ணுவதற்கு முன்னாலேயே நோட்டு, காசு போடும் வாய் அந்த மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் ஈ.பி.டிதான் முதலில், மற்றது பிறகு. ஸ்நாப்பில் வாங்கும் உணவுக்கு விற்பனை வரி போடக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். மிசிசிப்பி, அலபாமா மாதிரி மளிகைக்கே வரி போடும் மாநிலங்களில் ஈ.பி.டியைத் தேய்த்த பிறகுதான் திரையில் அந்த வரி கழியும். முதலில் டெபிட்டில் கட்டினால் அந்த அளவுக்கு வரியையும் சேர்த்து அழ வேண்டியதுதான்.

எது உணவு, எது இல்லை என்று மெஷினுக்கு யார் சொல்வது? கடையின் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பார்கோடுக்கும் பக்கத்தில் 'ஸ்நாப்புக்கு ஆகும், ஆகாது' என்று ஒரு குறி இருக்கிறது. புதுப் பொருள் வந்து அந்தக் குறியைப் போட மறந்தால், அரிசி மூட்டையைக்கூட மெஷின் சோப்போடு சேர்த்துவிடும். ஆள் இருக்கும் கவுண்டரில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. நமக்கு அந்தத் திரையே கிடையாது. விதிகளும் லேசுப்பட்டவை அல்ல. சூடாக விற்கும் பொரித்த கோழி ஆகாது. அதே கோழி ஆறி, குளிர்பெட்டிக்கு வந்தால் ஆகும். எனர்ஜி டிரிங்க் டப்பாவில் ஊட்டச்சத்து விவரம் என்று அச்சடித்திருந்தால் உணவு, துணைச்சத்து விவரம் என்றிருந்தால் இல்லை. 2026 ஜனவரி 1 முதல் இண்டியானா, அயோவா, நெப்ராஸ்கா, யூட்டா, வெஸ்ட் வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் இனிப்புச் சோடா மாதிரியான சிலதை ஸ்நாப்பிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பட்டியல். அயோவாவில் மிட்டாய் ஆகாது. ஆனால் மாவு சேர்ந்த சாக்லேட் மிட்டாய்க் கணக்கிலேயே வராது, ஆகவே கிட்கேட் ஆகும்! இதை வாங்குகிறவர் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வர வேண்டுமாம். மெஷின் திரையில் ஒரு வரி காட்டக் கூடாதாம். பணம் கட்டப் போகும் முன் 'ஸ்நாப்புக்கு உரிய தொகை' என்று தனியாக ஒரு கூட்டல் காட்டினாலே பாதி சண்டை ஓயும். எந்தப் பொருள் வெளியே தள்ளப்பட்டது என்று பெயர் சொன்னால் முழுச் சண்டையும் ஓயும்.

இதெல்லாம் ஸ்நாப். விக் என்பது தாய்க்கும் சின்னக் குழந்தைக்கும் சத்துணவு தரும் தனித் திட்டம். விக் கார்டு வைத்திருக்கிற கர்ப்பிணியும் கைக்குழந்தைக்காரியும் படுகிற பாட்டைச் சொன்னால் வயிறு எரியும். ஸ்நாப்பில் இருப்பது டாலர். விக்கில் இருப்பது அளவு: இத்தனை பால், ஒரு டஜன் முட்டை, 36 அவுன்ஸ் சீரியல். பழம் காய்கறிக்கு மட்டும்தான் டாலர் கணக்கு. மாநிலம் ஒப்புக்கொண்ட பட்டியலில் அந்தப் பார்கோடு இருந்தால்தான் பொருள் செல்லும். பட்டியல் அடிக்கடி திருத்தப்படும். கடையின் கம்ப்யூட்டர் புதுப் பட்டியலை இறக்கிக்கொள்ளாவிட்டால் அலமாரியில் 'விக்' சீட்டு ஒட்டியிருந்தும் மெஷின் ஆகாது என்கும்.

சீரியலையே பாருங்கள். 18 அவுன்ஸ் பெட்டி இரண்டு, அல்லது 12 அவுன்ஸ் மூன்று எடுத்தால் 36 சரியாக முடியும். 18 ஒன்று, 12 ஒன்று எடுத்தால் 30. மிச்சம் ஆறு அவுன்ஸுக்கு எந்தப் பெட்டியும் பொருந்தாது, மாதம் முடிந்ததும் அது காலாவதி. ஸ்நாப் பணம் அடுத்த மாதத்துக்குத் தங்கும், விக் தங்காது. 18 பாக்கி இருக்கும்போது 24 அவுன்ஸ் பெட்டியை ஸ்கேன் பண்ணினால் மெஷின் பெட்டியைப் பிரித்தா கொடுக்கும்? பெட்டி முழுவதையும் கைக்காசுக் கணக்கில் தள்ளிவிடும், அதுவும் சத்தமில்லாமல். கவுண்டரில் கேஷியர் என்றால் "அம்மா, இது வராது, பக்கத்து பெட்டி எடுத்துக்குங்க" என்பார். பாலும் அப்படித்தான். ஒரு வயது முடிந்து இரண்டு நிரம்பாத குழந்தைக்குக் கொழுப்பு எடுக்காத முழுப்பால். இரண்டு வயது தாண்டினால் ஒரு சதவீதக் கொழுப்புப் பால், அல்லது கொழுப்பே இல்லாதது. அவசரத்தில் இரண்டு சதவீதக் குடுவையைத் தூக்கி வந்தால் தீர்ந்தது. கைக்குழந்தைக்கான ஃபார்முலா பால்பொடி டின் இன்னும் மோசம். மாநிலம் ஒப்பந்தம் போட்ட கம்பெனி, அதிலும் குறிப்பிட்ட வகை, குறிப்பிட்ட அளவு.

வாழைப்பழம்கூட விட்டுவைக்கப்படவில்லை. உதிரிப் பழத்துக்கு 4011 என்ற பழக் குறியீட்டு எண்ணை அடித்தால் விக்கின் காய்கறிக் கணக்கில் போய்விடும். இயற்கை விவசாயப் பழம் என்றால் முன்னால் ஒரு 9, அதாவது 94011. கடையிலேயே வெட்டி டப்பாவில் போட்ட தர்பூசணிக்கு எடை பார்த்து ஒட்டும் பார்கோடு 2இல் தொடங்கும். அதைக் கடை ஒழுங்காக இணைத்து வைக்கவில்லை என்றால், அதே தர்பூசணி, விக்குக்குப் பழமே இல்லை.

விக் எடுக்கும் மெஷினாகவே இருந்தாலும், பணம் கட்டும் முன் எதெல்லாம் விக்கில் கழிகிறது என்று ஒரு பட்டியல் திரையில் வரும். அவசரப்பட்டு 'சரி' அழுத்தாதீர்கள். ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், விடுபட்ட பொருள் அங்கேதான் தெரியும். விக்தான் முதலில், பிறகு ஸ்நாப், பிறகு மற்றது. உங்கள் மாநிலத்தில் வேலை செய்தால் விக் ஷாப்பர் மாதிரி ஒரு செயலியில் அலமாரி முன்னாலேயே பார்கோடைப் பார்த்துவிடுவது நல்லது. பல கடைகளில் எந்த செல்ஃப் செக்கவுட்டும் விக்கைத் தொடவே தொடாது. அதை எழுதி வைக்க மட்டும் அவர்களுக்குக் கை வராது.

பைக்காசு ஒரு தனிக் கூத்து. எத்தனை பை என்று மெஷின் கேட்கும். ஸ்நாப் பணத்தில் பைக்குக் கட்டக் கூடாது. கலிபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில் ஸ்நாப், விக் காரர்களுக்குப் பைக் கட்டணமே கிடையாது, சட்டப்படி. ஆனால் என்ன கார்டு என்று தெரிவதற்கு முன்னாலேயே மெஷின் பைக் கணக்கை முடித்துவிடுகிறது. அந்த இரண்டு மாநிலங்களிலும் பூஜ்யம் அழுத்துங்கள். யாராவது கேட்டால் கார்டைக் காட்டுங்கள்.

இப்போது தேய்ப்பு. ஊரெல்லாம் சிப், தட்டிக் கட்டுவது என்று போய்விட்டது. ஈ.பி.டி கார்டுகள் பெரும்பாலும் இன்னும் காந்தப் பட்டைதான். சிப் வைத்த கார்டை முதலில் கொடுத்த மாநிலம் கலிபோர்னியா, அதுவும் 2025இல்தான். காந்தப் பட்டையை நகலெடுப்பது திருடனுக்கு விளையாட்டு. கார்டு ரீடர் மேல் அச்சு அசல் ஒரு பொய் மூடியை மாட்டிவிடுகிறான். பக்கத்தில் ஆள் நிற்காத மெஷின் அவனுக்கு வசதி. அப்படித் திருடுபோன உதவித்தொகையைக் கூட்டாட்சிப் பணத்தில் திருப்பித் தரும் ஏற்பாடு 2022 அக்டோபர் 1இலிருந்து நடந்த திருட்டுகளுக்கு இருந்தது. 2024 டிசம்பர் 20 தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். ரீடரின் ஓரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஆடினால் நகருங்கள். பின் நம்பர் அடிக்கும்போது மறு கையால் மூடுங்கள். மாநிலச் செயலியில் கார்டைப் பூட்டும் வசதி இருந்தால், கடைக்குள் நுழையும்போது திறந்து, வெளியே வந்ததும் பூட்டுங்கள். 'ரசீது வேண்டாம்' என்று அழுத்தாதீர்கள். மிச்ச இருப்பு அதன் அடியில்தான் அச்சாகும்.

"அவங்களுக்குத் தனி வரிசை வச்சா தீர்ந்தது" என்று யோசனை சொல்கிற மகானுபாவர்களுக்கு: அது விதிப்படி தப்பு. கூட்டாட்சி விதித்தொகுப்பு ஏழாம் தலைப்பு, 278.2(பி): அதே விலை, அதே நிபந்தனை, ஸ்நாப்காரரைத் தனியாகப் பிரித்து எந்த விதத்திலும் நடத்தக் கூடாது. இந்த விதி எவ்வளவு கெடுபிடி என்றால், 2025 நவம்பரில் அரசு முடங்கி உதவித்தொகை நின்றபோது, பாவம் என்று தள்ளுபடி கொடுக்க நினைத்த கடைகளுக்கு, ஸ்நாப்பை நடத்தும் விவசாயத் துறை இதே விதியைக் காட்டி எச்சரிக்கை அனுப்பியது. இரக்கப்பட்டு இரண்டு டாலர் குறைத்தால் பாரபட்சம். எல்லோரும் நிமிடத்தில் முடிக்கிற மெஷினில் நம்மை மட்டும் கால் மணி நேரம் விளக்குக்கு அடியில் நிறுத்தினால் அது தொழில்நுட்பக் கோளாறு. நல்ல நியாயம்.

வாசல் கண்ணாடியில் 'ஈ.பி.டி, விக் ஏற்கப்படும்' என்று ஒட்டத் தெரிகிறது. எந்த மெஷின் விக் எடுக்காது, எது காசு வாங்காது என்று அந்தந்த மெஷின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? சிவப்பு விளக்கு எரியும்போது மூன்று மெஷின் தள்ளி நின்று "ஈ.பி.டியா?" என்று கத்தாமல் கிட்டே வந்து கேட்கச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு கவுண்டரின் சங்கிலியைக் கழற்ற?