ஓவியம் கற்பித்த செசிலியாவைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்

அமெரிக்க ஓவியர் செசிலியா போ (1855–1942) தீட்டிய உருவப்படங்களை விரிவாக ஆராயும் உங்கள் இதழின் கட்டுரை, அவருடைய ஆசிரியப் பணியை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்து, பிலடெல்பியாவில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, வருமானத்துக்காகப் பீங்கான் தட்டுகளில் குழந்தைகளின் முகங்களைத் தீட்டிய அவர்தான், 1895இல் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தின் முதல் முழுநேரப் பெண் ஆசிரியராகி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கே உருவப்பட ஓவியம் கற்பித்தார். அவருக்குத் தொடக்கத்தில் ஓவியம் பயிற்றுவித்தவரும் ஒரு பெண்ணே. தூரத்து உறவினரான கேத்தரின் டிரிங்கர். இந்தத் தொடர்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். தம் அக்காவையும் அவர் மடியில் சாய்ந்திருக்கும் மகனையும் செசிலியா வரைந்த ஓவியம், 1887இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றது; அதன் படத்தையேனும் கட்டுரையுடன் வெளியிட வேண்டுகிறேன்.