பையை மட்டும் விரட்டினால் போதுமா?

மறுபடியும் பிளாஸ்டிக் பை ஒழிப்புப் பிரசாரம் கிளம்பிவிட்டது. ஒழியட்டும், நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அந்தப் பிரசாரத்துக்குக் கட்டிய பேனரே பிளாஸ்டிக்காக இருந்தால் எரிச்சல் வருமா வராதா? ஒரு வாரம் கெடுபிடி. அப்புறம் கல்லாவுக்கு அடியிலிருந்து அதே மெல்லிய பை எட்டிப் பார்க்கிறது.

அதைவிடக் கொடுமை, துணிப்பை என்று சொல்லிக் கையில் திணிக்கிறார்களே, அந்தப் பை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெசவே இருக்காது, புள்ளி புள்ளியாக அழுத்தி ஒட்டியிருக்கும். அது பாலிபுரோப்பிலீன். அதாவது பிளாஸ்டிக்! கொஞ்ச நாள் வெயில் பட்டால் தூள் தூளாக உதிரும். இதற்குப் பெயர் மாற்றா?

கலிபோர்னியாவில் 2014-இல் மெல்லிய பைக்குத் தடைச் சட்டம் போட்டார்கள். தடிமனான பையை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சொல்லிக் காசுக்கு விற்க விட்டார்கள். அதுவும் குப்பைக்குத்தான் போனது. அதைத் தடுக்க 2024-இல் இன்னொரு சட்டம்! வங்கதேசம் வெள்ளத்தில் அடைபட்ட சாக்கடைகளைப் பார்த்து, பட்டுத் தெரிந்து, 2002-லேயே தடை போட்டது. அங்கேயும் பை ஒழிந்தபாடில்லை.

வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை உபதேசம்? பை செய்யும் இயந்திரம் ஓடிக்கொண்டேதானே இருக்கிறது? பைக்குள் போகும் பொருள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில்தானே வருகிறது? அதைப் பற்றி ஏன் ஒருவரும் வாயே திறப்பதில்லை?