கீசர் வால்வை அடைக்கச் சொல்லும் செய்தி தவறு

"வெந்நீர் வரும் வரை கீசருக்கு சர்வீஸ் தேவையில்லை, வால்வில் சொட்டினால் எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

சூடாகும்போது தண்ணீர் விரியும். அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் வால்வு இருக்கிறது. அப்போது சில சொட்டு விழுவது இயல்புதான். அணைத்த பிறகும் ஒழுகினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வால்வை அடைத்துவிட்டு, அப்புறம் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் டேங்க் வெடிக்கலாம்.

போர் தண்ணீரில் உப்பு சீக்கிரம் படியும். சூடாக நேரமாவது, கடகட சத்தம், துரு நிறத் தண்ணீர் எல்லாம் சர்வீஸுக்கான அறிகுறிகள். பல கீசர்களில் டேங்கை அரிப்பிலிருந்து காக்கும் மெக்னீசியம் கம்பி மட்டும் சத்தமில்லாமல் கரையும். எப்போது பார்க்க வேண்டும் என்பதை கீசரோடு வந்த கையேட்டில் பாருங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.