நுரை பொங்கினால்தான் துணி வெளுக்கும் என்று யார் சொன்னது?

துணி துவைக்கிற பவுடர் விளம்பரங்களில் நுரையைக் காட்டுவதை யாராவது தடை செய்தால் கோடி புண்ணியம். பக்கெட் நிறைய வெள்ளை வெளேர் என்று நுரை பொங்கும், அதற்குள் கையை விட்டுச் சட்டையை எடுத்தால் பளிச்சென்று வரும். வருஷக்கணக்காக இதையே பார்த்துப் பார்த்து, நுரை வரவில்லையென்றால் பவுடர் பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் கொட்டு என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் மனசில் பதிந்துபோய்விட்டது. கை துவையலுக்கு அது சரியோ தப்போ, முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடுகிற ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷினுக்கு அது விஷம். இதைச் சொல்லவேண்டிய இடத்தில் இருக்கிற ஒருத்தர்கூடச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

தாம்பரம் பக்கம் அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் கடைசிச் சுற்றுக்கு வந்ததும் நின்றுவிடும். திரையில் ஒன்பது நிமிஷம் என்று இருக்கும், சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே ஒன்பது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துணியே தெரியாது, ஒரே நுரை. பவுடர் போடும் தட்டின் ஓரமாகக் கசிந்து, முன்பக்கம் வழிந்து, பால்கனித் தரையில் தேங்கும். முழங்கால் வலியோடு அம்மா குனிந்து குனிந்து அதைத் துடைப்பார். கம்பெனிக்கு போன் போட்டோம். வந்த மெக்கானிக் இரண்டு பட்டனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா, மாத்தணும்" என்று, மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் அட்டைக்கு ஒரு தொகை சொன்னார். கூடவே உப்புக்கறை எடுக்கிற பவுடர் பாக்கெட்டுகளையும் எடுத்து வைத்தார். போகிற போக்கில், "நீங்க சரியா யூஸ் பண்ணலைம்மா" என்று ஒரு குத்தல் வேறு.

என்ன பவுடர் போடுகிறீர்கள், எவ்வளவு போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். கதவுக்குப் பின்னால் அத்தனை நுரை கண்ணெதிரே நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டு போர்டு போச்சு என்று எப்படி வாய் வருகிறது? மெஷின் வந்த அன்று டெமோ காட்ட வந்தவர் "ஒரு கப் ஃபுல்லா போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், அம்மா அதை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தார், அதுவும் பக்கெட்டில் ஊறவைக்கிற அதே பவுடரை. கடைசியில் பழி மட்டும் அம்மா தலையில். போர்டை மாற்றவில்லை. பவுடரை மாற்றி, அளவைக் குறைத்தோம். அதே போர்டுதான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஃபிரண்ட் லோட் மெஷின் எப்படித் துவைக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தன்னால் விளங்கும். அதில் தண்ணீர் கொஞ்சம்தான். டிரம் சுழலும்போது துணியை மேலே தூக்கி, கீழே போடுகிறது. அந்த அடியில்தான் அழுக்கு கழல்கிறது, துவைகல்லில் அடித்துத் துவைப்பது போலத்தான். டிரம் நிறைய நுரை இருந்தால் துணி கீழே விழுவதே இல்லை, மெத்தையில் விழுந்த மாதிரி மிதக்கிறது. ஆக, நுரை கூடக்கூட அழுக்கு போவது குறைகிறது. அழுக்கை இழுப்பது பவுடரில் இருக்கிற மூலக்கூறுகள்: ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். அந்த வேலை தண்ணீருக்குள் நடக்கிறது. நுரை என்பது அதே மூலக்கூறுகள் காற்றைச் சுற்றி மாட்டிக்கொண்டு நிற்பது, அவ்வளவுதான்.

அப்புறம் அலசல். தண்ணீரை வெளியேற்றும் பம்ப்புக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றும் நுரையுமாக வந்தால் சும்மா சுற்றும். டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் நுரை மாட்டினால் பிழியும் வேகமும் ஏறாது. புது மெஷின்கள் பல இதைக் கண்டுபிடித்து, நுரை அடங்கட்டும் என்று நின்று காத்திருக்கும், இன்னொரு அலசல் தானாகச் சேர்க்கும். நிமிஷம் நகராமல் நிற்பது இதனால்தான். சில மெஷின்களில் எஸ்.யு.டி. என்றோ எஸ்.டி. என்றோ எழுத்தே ஒளிரும். மெஷின் தன் வாயால் நுரை அதிகம் என்று சொல்கிறது, வந்து பார்க்கிறவருக்கு அது தெரியாதா?

இன்னொன்று, தண்ணீர். புறநகரில் பாதி வீடுகளில் போர் தண்ணீர், உப்பும் கடினமும் ஜாஸ்தி. அந்தக் கால்சியமும் மக்னீசியமும் பவுடரில் ஒரு பங்கைத் தின்றுவிடும், நுரையும் அவ்வளவாக வராது. அதனால் ஒரு அளவு பழகிவிடுகிறது. ஒருநாள் மெட்ரோ தண்ணீர் வருகிறது, அல்லது அசோசியேஷனில் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கிற சாஃப்ட்னர் போடுகிறார்கள். தண்ணீர் மாறிவிட்டது, கப் மாறவில்லை. அன்றைக்குப் பால்கனி முழுக்க நுரை. தண்ணீரின் கடினத்தைப் பார்த்துப் பவுடர் அளவு மாறவேண்டும் என்று மெஷினோடு வருகிற கையேட்டிலேயே இருக்கிறது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லை. துணி அளவும் அப்படித்தான்: நாலு சட்டையும் ஒரு லுங்கியும் போட்டுவிட்டு முழு மெஷினுக்கான பவுடரைக் கொட்டினால் பொங்காமல் என்ன செய்யும்?

சரி, பொங்கிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு. முதலில் மெஷினை நிறுத்துங்கள், கதவை இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் விட்டால் நுரையில் பெரும்பகுதி தானே அமுங்கும். பிறகு துணிக்கு வாசனைக்காகப் போடுகிற கண்டிஷனரில் ஒரு டேபிள் ஸ்பூன் எடுத்து, அரை லிட்டர் தண்ணீரில் கலந்து, பவுடர் போடும் தட்டில் ஊற்றுங்கள். இது சில கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிற வழி. பவுடரில் இருப்பது எதிர்மின் தன்மை, கண்டிஷனரில் இருப்பது நேர்மின் தன்மை, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நுரை உடைகிறது. மழைக்கோட்டு, விளையாட்டு உடை மாதிரித் துணி உள்ளே இருந்தால் மட்டும் இதைச் செய்யவேண்டாம். அதன்பின் பவுடர் இல்லாமல், பச்சைத் தண்ணீரில், அலசிப் பிழிகிற சுற்றை ஓட்டுங்கள். கண்ணாடியில் இன்னும் நுரை தெரிந்தால் இன்னொரு முறை. உப்பைக் கொட்டு என்று சிலர் சொல்வார்கள். நான் கொட்டமாட்டேன், உள்ளே இருப்பது ஸ்டீல் டிரம்.

அதற்கும் தண்ணீர் போகவில்லையா, கீழே வலது மூலையிலோ இடது மூலையிலோ ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறங்கள். பல மெஷின்களில் விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் குழாய் இருக்கும், முனையில் அடைப்பான். உள்ளே இருப்பது வெந்நீராக இருந்தால் ஆறியபிறகு, குழாயை ஒரு தாம்பாளத்தில் விட்டு அடைப்பானைத் திறந்தால் சாம்பல் நிறத் தண்ணீர் விட்டு விட்டு வரும். வடிந்ததும் பக்கத்து ஃபில்டரைத் திருகி எடுங்கள். அம்மா வீட்டு மெஷினில் தலைமுடி, நூல் பிசிறு, ஒரு ஊக்கு, கூடவே கரையாத பவுடர் களிம்பு மாதிரி வழவழவென்று வந்தது. கதவு ரப்பர் மடிப்பிலும் அதே களிம்பு, அதில்தான் கறுப்புப் பூஞ்சையும், வேட்டி துண்டில் ஏறுகிற அந்த நமத்த வாடையும். பையன் முதுகில் அரிப்பு, கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு, துண்டு காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைப்பது என்று எத்தனையோ வீடுகளில் புலம்புகிறார்கள், பாதிக்கு மேல் அலசப்படாத பவுடர்தான் காரணமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் துவைத்து வைத்த துண்டுகளைப் பவுடரே போடாமல் மெஷினில் ஓட்டிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நுரை வந்தால் அது பழைய பாக்கி.

இனிமேல் வராமல் இருக்க: ஃபிரண்ட் லோட் என்று தெளிவாக எழுதியிருக்கிற பவுடரோ லிக்விடோ மட்டும் வாங்குங்கள், நுரையை அடக்குகிற பொருள் அதில் கலந்தே வரும். கைக்கும் மெஷினுக்கும் பொது என்பதை நம்பவேண்டாம். கப்பைத் தூக்கி எறியுங்கள், அந்தக் கப்பின் கோடுகள் வயசானவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நல்ல தண்ணீர் என்றால் சாதாரண அழுக்குக்கு இரண்டு டேபிள் ஸ்பூனில் தொடங்கி, துணி சுத்தமாக வராவிட்டால் மட்டும் கூட்டுங்கள்.

மாடி வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொட்டுகிற பவுடர் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. ஒரே குழாயில் இறங்கி, கீழே திரும்புகிற இடத்தில் அடைத்துக்கொண்டு, தரைத்தள வீட்டு பாத்ரூம் தரைச் சல்லடை வழியாக நுரையாகக் கிளம்புகிறது. குளிக்கப் போனால் கணுக்கால் வரை அடுத்த வீட்டு அழுக்கு நுரை. கேட்டால் "எங்க மெஷின் லீக் இல்லையே" என்கிறார்கள். 2019 கடைசியில் மழைக்குப் பிறகு மெரினா முழுக்க நுரை ஒதுங்கியபோது எல்லோரும் செல்பி எடுத்தோமே, சுத்திகரிக்காத கழிவுநீரில் கலந்த சோப்புத்தூளுக்கும் அதில் பங்கு உண்டு என்றார்கள்.

நம் ஊரில் சலவைக்காரர்கள் உவர்மண்ணில் துணியை முக்கி வெள்ளாவி வைத்து வெளுத்தார்கள். அதில் ஏது இந்த மாதிரி நுரை? அந்த வேட்டி வெண்மைக்கு இன்றைக்கு எந்தப் பவுடர் ஈடு? அதைக் கண்ணால் பார்த்த தலைமுறையிடம் போய் நுரைதான் சுத்தம் என்று விற்றிருக்கிறார்கள்.

பவுடர் கம்பெனிகள் பாக்கெட்டின் முன்பக்கத்தில், விலை அச்சடிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், தமிழில், எத்தனை ஸ்பூன் என்று போடட்டும். பாதி மெஷின் துணிக்கு எவ்வளவு, போர் தண்ணீருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போடட்டும். மெஷின் விற்கிறவர்கள் டெமோவுக்கு அனுப்புகிற பையன்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்து அனுப்பட்டும். அதுவரை மெக்கானிக் வந்து போர்டு என்று ஆரம்பித்தால், "பவுடர் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் போர்டைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லி, அவர் ஓட்டி முடிக்கிறவரை பக்கத்திலேயே நில்லுங்கள்.